குருவுக்குத் திருஷ்டிப் பொட்டு

கல்யாணத் தரகனுக்குக் கோபம் வரக் கூடாது என்பார்கள். எனக்கு வரும். பெண்ணின் மூக்கு கொஞ்சம் பெரிதாக இருக்கிறது என்று இழுத்த ஒரு மாப்பிள்ளை வீட்டாரிடம், "அதுல துணியா காயப் போடப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு, குடித்த காபியின் சூடு ஆறுவதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தவன் நான். அப்படியும் சங்கராபுரத்திலிருந்து சின்னசேலம் வரைக்கும் ஆதிமூலம் என்று சொன்னால் வழி காட்டுவார்கள். கைபேசியிலேயே வரன் பார்க்கிற காலம் வந்த பிறகும் என்னைத் தேடி வருகிறார்கள் என்றால், கைபேசி பதில் சொல்லாது, நான் சொல்வேன் என்பதுதான் காரணம்.

இந்தத் தொழிலில் எனக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவர் குரு, இன்னொருவர் சனி. வரன் அமைந்தால் குரு பார்த்துவிட்டார் என்பேன். தட்டிப் போனால் சனியின் தலையில் போட்டுவிட்டு எழுந்துவிடுவேன். "வியாழ நோக்கம் வந்துடுச்சு, இனிமே கவலையே இல்ல" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெண்ணைப் பெற்றவளுக்கு முகத்தில் ரத்தம் ஊறும். இப்படி முப்பது வருஷமாக அவர்கள் இருவர் பேரையும் சொல்லிச் சோறு தின்றிருக்கிறேன். ஆனால் அவர்களை நேரில் பார்த்ததில்லை. பார்க்க முடியும் என்றே எனக்குத் தெரியாது.

வடக்கனந்தல் ராஜாம்பாளின் மகள் ஆண்டாள். முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டூடியோவில் கல்யாண ஆல்பம் போடுகிற வேலை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மணப்பெண்ணின் பருவை எடுப்பாள், மாப்பிள்ளையின் கழுத்துக் கறுப்பை எடுப்பாள், தாலி கட்டும் நேரம் பார்த்துக் கொட்டாவி விட்ட மாமனாரின் வாயை மூடுவாள். நான் முடித்து வைத்த ஜோடிகளில் பாதிப் பேரின் ஆல்பம் அவள் கைபட்டதுதான். ஊருக்கெல்லாம் ஆல்பம் போட்டவளுக்குச் சொந்தமாக ஒன்று அமையவில்லையே என்று ராஜாம்பாள் என்னைக் காணும்போதெல்லாம் மூக்கைச் சிந்துவாள்.

அவர்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு டெலஸ்கோப் இருந்தது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு அது கடைசியில்தான் தெரிய வந்தது. நீங்களும் என்னைப்போல இருட்டில் நிற்க வேண்டியதில்லை. ஆண்டாள் தன் சம்பளத்தில் வாங்கியது. வேலை முடிந்து வந்ததும் அதைக் கொல்லையில் நிறுத்தி, கேமராவை மாட்டி, வியாழனையும் அதன் நிலவுகளையும் படம் பிடிப்பாள். சனியை அதன் வளையத்தோடு பிடிப்பாள். யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லாத பழக்கம்.

ஆனால் சங்கராபுரத்திலிருந்து முன்பு பெண் பார்க்க வந்தவர்களுக்கு அது தொந்தரவாகப் போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மா ஆண்டாளின் கைபேசியை வாங்கிப் பார்த்தாள். முகப்பில் வளையத்தோடு ஒரு படம். என்னவென்று கேட்டாள். இவளும் நேர்மையாக, சனி என்றாள். அந்த அம்மாள் கைபேசியை நெருப்பைத் தொட்ட மாதிரி கீழே வைத்தாளாம். சனியை இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிகிற பெண் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வரன் நான் கொண்டுபோனது இல்லை, அதனால் விஷயம் என் காதுக்கு வரவில்லை. அன்று முதல் வீட்டுக்கு யார் வந்தாலும் ராஜாம்பாள் டெலஸ்கோப்மேல் ஒரு பழைய புடவையைப் போட்டு மூடிவிடுவாள். நானும் இரண்டு முறை அதைப் பார்த்து, பழுதான கிரைண்டர் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் ஆண்டாளின் தம்பி சின்னராசுவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. வீடு பத்தவில்லை. கார்த்திகையில் கொல்லையில் கடக்கால் தோண்டி இரண்டு அறை கட்டப் போவதாகச் சொன்னான். அவனைக் குறை சொல்ல முடியாது, பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பான்? ஆனால் கொல்லை போனால் ஆண்டாளுக்கு வானம் போயிற்று. முன்பக்கம் தெருவும் கம்பத்து விளக்கும். புது அறைகளின் மொட்டை மாடி ஆகுமே என்றால் அதுவும் ஆகாதாம். சிமெண்டுத் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் கக்கும், அந்தச் சூட்டில் படம் தண்ணீருக்குள் கிடக்கிற மாதிரி நெளியும் என்று பிற்பாடு எனக்கு விளக்கினாள்.

கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவள் இதற்குப் பிறகுதான், சரி பாருங்கள் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டாள். அதை ராஜாம்பாள் என்னிடம் இப்படிச் சொன்னாள்:

"அண்ணே, மாப்பிள்ள கவுருமெண்டு வேலயில இருக்கணும், கார் வச்சிருக்கணும்னு அவ ஒண்ணும் கேக்கல. போற வூட்டுக்குத் தெக்கால வெளியா இருக்கணுமாம். மரம் மட்ட கூடாதாம். வாசல்ல கம்பத்து லைட்டு இருக்கக் கூடாதாம். அவ்ளோதான்."

"இன்னாத்துக்கும்மா?"

"அவ அப்டித்தாண்ணே. நீங்க கேட்டுப் பாருங்களேன்."

வாஸ்து என்று நான் முடிவு கட்டிவிட்டேன். இப்போதெல்லாம் எல்லா வீட்டிலும் யாராவது ஒருவர் வாஸ்து வீடியோ பார்க்கிறார்கள். போன மாதம்கூட ஒரு பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக் கழிவறையை இடம் மாற்றிக் கட்டினால்தான் பேசலாம் என்றார்கள். இது அதைவிடச் சுலபம் என்று நினைத்தேன். தரகன் துருவிக் கேட்கக் கூடாது. கேட்டால் மற்றவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எனக்கு உடனே வேடியப்பன் ஞாபகம்தான் வந்தது. கோமுகி அணையைத் தாண்டி, கல்வராயன் மலை தொடங்குகிற இடத்தில் வீடு. போர் மோட்டார் பழுது பார்ப்பான், கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் சோளம். அப்பா இல்லை, அம்மா குஞ்சம்மாள் மட்டும். வாய் அதிகம் பேசாத பையன். அவனுக்கும் சேர்த்து அம்மா பேசிவிடுவாள். ஜாதகம் இரண்டும் நன்றாகப் பொருந்தியது. அடிவாரம், ஆள் நடமாட்டம் கம்மி, நாலாபக்கமும் வெளி என்று சந்தோஷமாக வண்டியை விட்டேன்.

போய்ப் பார்த்தால், வீட்டுக்கு நேர் தெற்கே பெரிய புளியமரம். வாசலில் பளீரென்று பஞ்சாயத்து விளக்கு. முன்பு பலமுறை அந்த மரத்தடியில் வண்டியை நிறுத்தியவன்தான் நான். திசை பார்த்து நிறுத்தவில்லை.

பெண் வீட்டில் வாஸ்து பார்க்கிறார்கள் என்று விஷயத்தைச் சொன்னதும் குஞ்சம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாப்பா ஆதிமூலம், ஊரே தெக்கால பாரம் வையி, மரம் வையின்னுது. அந்தப் பொண்ணு தெறந்து போடுன்னுதா? அது எமன் வர்ற தெசப்பா."

பக்கத்தில் அவளுடைய தம்பி மாயவன் இருந்தான். வாஸ்து பார்த்துப் பார்த்துத் தன் வீட்டு வாசற்படியைச் சுவர் சுவராக நகர்த்தி, கடைசியில் பழைய இடத்துக்கே கொண்டுவந்தவன். "எந்த வாஸ்துலயும் இது இல்லக்கா," என்றான். "தெக்கு காலியா இருந்தா வூட்ல பொம்பள தங்க மாட்டா. வடக்கும் கெழக்கும்தான் வெளியா இருக்கணும். இவங்க தலகீழா பாத்துக்கினு இருக்காங்க."

"லைட்டு இன்னாப்பா பண்ணுச்சு அவங்கள?" குஞ்சம்மாளின் குரல் ஏறியது. "பாம்பு பல்லிக்குப் பயந்துக்கினு கெடந்தோம். ஒவ்வொரு கிராம சபையிலயும் எழுந்து நின்னு கேட்டு, மனு மேல மனு குடுத்து நான் வாங்கியாந்த லைட்டு அது. இருட்டு வேணும்னு கேக்கற பொண்ணு எப்டிப்பட்ட பொண்ணு?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. நல்ல பெண் என்று நான் சொன்னால் நல்ல பெண்தான், மரத்தையும் விளக்கையும் கட்டிக்கொண்டு உன் பிள்ளை குடித்தனம் பண்ணட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்த வேடியப்பன் தலையைத் தூக்காமலே கேட்டான்.

"மாமா, வாஸ்துன்னு அவங்க சொன்னாங்களா, நீங்க சொல்றீங்களா?"

"யாரு சொன்னா இன்னாப்பா?"

"வாஸ்து எழுதன காலத்துல கரண்டே கெடையாதே. அதுல கம்பத்து லைட்டு எப்டிங்க வரும்?"

அந்தக் கேள்வி எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்? மாயவன் தாடையைச் சொறிந்தான். வேடியப்பன் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, "போய் அவங்களயே கேட்டுட்டு வரலாம்மா," என்றான். பிள்ளை ஒரு விஷயத்தில் இவ்வளவு பேசியதே குஞ்சம்மாளுக்குப் புதிது. அதனால்தான் ஒப்புக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று முடிவாயிற்று. அன்று வேண்டாம், வேறு எந்த நாளாக இருந்தாலும் சரி என்று ஆண்டாள் அம்மாவிடம் கெஞ்சியிருக்கிறாள். அன்று ஏழு மணிவாக்கில் வியாழனின் நிலவு ஒன்று அதற்கு முன்னால் கடந்து போகிறது, அதன் நிழல் வியாழன்மேல் விழும், கொல்லையைத் தோண்டுவதற்குள் அப்படி ஒரு படம் எடுத்தாக வேண்டும் என்றாளாம். "நெழலாவது வெயிலாவது, வரவங்கள வராதேன்னா சொல்லுவேன்?" என்று ராஜாம்பாள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒரு வாரமாக மழை. அன்று மத்தியானத்துக்கு மேல் வானம் வெளுத்துவிட்டது. கச்சிராயபாளையம் தாண்டியதும் ஆட்டோ பஞ்சராகி, நாங்கள் போய்ச் சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. குஞ்சம்மாள், மாயவன், வேடியப்பன், நான். பாய் விரித்து உட்கார வைத்தார்கள். சின்னராசு மாமியார் வீட்டில் குழந்தையைப் பார்க்கப் போனவன் பஸ் கிடைக்காமல் மாட்டிக்கொண்டான். வாழைக்காய் பஜ்ஜி வந்தது. பட்டுப்புடவையில் ஆண்டாள் காபி கொண்டுவந்தாள். டம்ளர்களைச் சீட்டுக் கட்டுப் போடுகிற வேகத்தில் வைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னாப்பா, பொண்ணு கடியாரத்தையே பாக்குது," என்று குஞ்சம்மாள் என் காதில் சொன்னாள்.

"வெக்கம்க்கா," என்றேன்.

அப்போது கரண்டு போயிற்று. தெருவே இருண்டது. ராஜாம்பாள் தட்டுத் தடுமாறி ஒரு விளக்கைத் தேடி ஏற்றிக்கொண்டு வந்தாள். வெளிச்சத்தில் பார்த்தால் பஜ்ஜி இருக்கிறது, காபி இருக்கிறது, பெண்ணைக் காணோம்.

நான் எத்தனையோ பெண் பார்த்தலில் உட்கார்ந்திருக்கிறேன். மாப்பிள்ளை மயங்கி விழுந்து பார்த்திருக்கிறேன். பெண் எழுந்து ஓடிப் பார்த்ததில்லை. ராஜாம்பாள் விளக்கோடு நின்றபடியே அழத் தொடங்கிவிட்டாள். "இருட்டு வேணும்னு கேட்டப்பவே நெனச்சேன்," என்று குஞ்சம்மாள் முழங்காலில் கையூன்றி எழுந்தாள். மானம் போகிற ஆத்திரத்தில் நான் கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு கொல்லைக் கதவைத் தள்ளினேன்.

"மாமா, லைட்ட அணைங்க," என்று இருட்டிலிருந்து குரல் வந்தது. "கும்புட்டுக் கேக்கறேன், அணைச்சிடுங்க."

அந்தக் குரலில் இருந்த கெஞ்சலில் என் கை தானாக விளக்கை அணைத்தது. கொஞ்சம் கண் பழகியதும் தெரிந்தது. பழைய புடவை கீழே கிடந்தது. என் கிரைண்டர், ஆள் உயர வெள்ளைக் குழாயாக வானத்தைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆண்டாள் அதை நூலளவு நூலளவாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஸ்டூல்மேல் ஒரு லேப்டாப், அதன் வெளிச்சம் கண்ணைக் கூசாதபடி திரைமேல் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் ஒட்டியிருந்தது. அந்தச் சிவப்பில் ஒரு வட்டம் நடுங்கிக்கொண்டிருந்தது.

எனக்குப் பின்னாலேயே எல்லாரும் வந்துவிட்டார்கள்.

"இன்னாம்மா இது?" என்றாள் குஞ்சம்மாள்.

"குருங்க."

"எந்தக் குரு?"

"குரு பகவான்தாங்க. வியாழன். கொஞ்சம் பொறுத்துக்குங்க, படம் ஓடிக்கினு இருக்குது. கரண்டு போனது நல்லதாப் போச்சு, இப்டி ஒரு இருட்டு கெடைக்காது. மன்னிச்சிடுங்க."

அவள் மன்னிப்புக் கேட்டது எங்களிடமா, வியாழனிடமா என்று தெரியவில்லை. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. வேடியப்பன் கிட்டே போய், சத்தமில்லாமல் கேட்டான். "ஒரு போட்டோ எடுக்கவா இவ்ளோ நேரங்க?"

"வீடியோங்க. கல்யாணத்துல குரூப் போட்டோ எடுக்கறப்ப யாராச்சும் ஒருத்தர் கண்ண மூடிக்கினுதான் இருப்பாங்க. அதனால நெறைய எடுத்து, நல்லா இருக்கறதப் பொறுக்குவோம். வானமும் அப்டித்தான், கண்ண சிமிட்டிக்கினே இருக்கும். ஆயிரக்கணக்குல எடுத்து, அது சிமிட்டாத படமாப் பாத்து ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கணும்."

அவள் சொல்லி முடிக்கவும் கரண்டு வரவும் சரியாக இருந்தது. தெருவெல்லாம் பிள்ளைகளின் கூச்சல். கொல்லைக் கதவுக்கு மேலிருந்த பல்பு எங்கள் எல்லார் முகத்திலும் அடித்தது. "ஐயோ," என்று ஆண்டாள் இரண்டு கையாலும் குழாயின் வாயை மறைத்தாள். அவ்வளவு நாள் காத்திருந்தது கெட்டுப் போவதைப் பார்க்கிற முகம் அது. ராஜாம்பாளுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை, வெளிச்சம் வந்ததே என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பட்டென்று பல்பு அணைந்தது. திரும்பிப் பார்த்தேன். வேடியப்பன் கதவுக்கு உள்பக்கம் சுவிட்சில் கை வைத்தபடி நின்றான். யாரும் அவனிடம் அணைக்கச் சொல்லவில்லை. அடுத்து உள்ளே போய்ப் பின்கட்டு விளக்கையும் அணைத்துவிட்டு வந்து, "எடுங்க," என்றான்.

ஊரே வெளிச்சத்தில் இருக்க, பெண் பார்க்க வந்த நாங்கள் மட்டும் கொல்லையில் இருட்டில் நின்றோம். எனக்குக் கோபப்படக்கூடத் தோன்றவில்லை.

வேலை முடிந்ததும் ஆண்டாள் கேமராவைக் கழற்றிவிட்டு, கண் வைத்துப் பார்க்கிற கண்ணாடியை மாட்டினாள். "நீங்க பாருங்கம்மா," என்று குஞ்சம்மாளின் தோளைத் தொட்டு அழைத்தாள். வந்ததிலிருந்து அவள் செய்த முதல் மரியாதை அதுதான்.

குஞ்சம்மாள் குனிந்தாள். ஒன்றும் தெரியவில்லை என்றாள். ஓடுகிறது என்றாள். ஆண்டாள் குழாயை லேசாகத் தள்ளிக் கொடுத்தாள். பிறகு குஞ்சம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இன்னும் குனிந்தாள்.

"இன்னாம்மா இது," என்றாள் கடைசியில், வேறு குரலில். "கோடு போட்ட மூஞ்சி. கன்னத்துல கறுப்பா பொட்டு வச்சிருக்குதே. குருவுக்கு யாரு திருஷ்டிப் பொட்டு வச்சது?"

ஆண்டாள் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். "அவரோட நெலா ஒண்ணு குறுக்கால போவுதுங்க. அதோட நெழலு அது."

"அவருக்கே கண்ணு படுமா?"

"பட்டாலும் படுங்க. அவ்ளோ அழகா இருக்காரே."

மாயவன் பார்த்தான். வேடியப்பன் பார்த்தான். பக்கத்தில் வரிசையாக நிற்கிற வெளிச்சப் புள்ளிகளெல்லாம் மற்ற நிலவுகள் என்று ஆண்டாள் சொல்லிக் கொடுத்தாள். பிறகு என் முறை வந்தது. சின்ன வட்டம், வெளுத்த சந்தன நிறம், குறுக்கே இரண்டு பழுப்புக் கோடு. அதன்மேல் மை தொட்டு வைத்த மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. இவர் பேரைச் சொல்லி எத்தனை வீட்டில் காபி குடித்திருக்கிறேன். வியாழ நோக்கம், வியாழ நோக்கம் என்று இத்தனை வருஷம் சொன்னேன், நாம் திரும்பி அவரைப் பார்க்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லையே என்று இருந்தது.

"சனியும் பக்கத்துலதாங்க இருக்காரு, பாக்கறீங்களா?" என்றாள் ஆண்டாள். ராஜாம்பாள் பின்னாலிருந்து அவள் முதுகைக் கிள்ளினாள். குஞ்சம்மாள் பின்வாங்கிவிட்டாள். "வேணாம்மா. அவர நேருக்கு நேரா பாக்கக் கூடாது. கோயில்லயே ஒதுங்கி நின்னுதான் கும்புடறோம்."

"இதுல நேரா பாக்கவே முடியாதுங்க. கொழா அந்தப் பக்கம் பாக்குது, நாம பக்கவாட்டுலதான நிக்கறோம்? உள்ள கண்ணாடியில பட்டு திரும்பித்தான் அவரு நம்ம கண்ணுக்கு வர்றாரு."

குஞ்சம்மாள் குழாயைப் பார்த்தாள், அது காட்டுகிற திசையைப் பார்த்தாள், தான் நிற்கிற இடத்தைப் பார்த்தாள். சன்னதியில் நிற்பது போலவே ஒதுங்கித்தான் நின்றிருந்தாள். மனம் சமாதானமாகிக் குனிந்தாள். "அட, சும்மாடு கட்டிக்கினு நிக்கறாரு," என்றாள். "பாரம் தூக்கற ஆளு மாதிரி. இவரப் பாத்தா பயந்துக்கினு இருந்தோம்?" நிமிரும்போது அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

வேடியப்பன் ஆண்டாளிடம் கேட்டான். "அதான் தெக்கால வெளி கேட்டீங்களா?"

"ஆமாங்க. இவங்க ரெண்டு பேரும் இப்ப தெக்கு வானத்துலதான் மேல வராங்க. கார்த்திகை வந்தா இந்தக் கொல்ல இல்ல. ரூமு கட்டப் போறாங்க. அதுக்கப்பறம் இத எங்க வைக்கறதுன்னு தெரில." குழாயைத் தடவிக்கொண்டே சொன்னாள். "வாஸ்து கீஸ்து எல்லாம் எனக்குத் தெரியாதுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன்.

குஞ்சம்மாளுக்கு உடனே தன் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. "இதோ பாரும்மா. பொட்டு வச்ச குருவக் காட்டன, சந்தோஷம். ஆனா புளியமரத்த வெட்ட மாட்டேன். லைட்டயும் அவுக்க மாட்டேன். ரெண்டும் நான் பாடுபட்டது."

"மரத்தயெல்லாம் வெட்ட வேணாங்க," என்றாள் ஆண்டாள். குரல் இறங்கிப் போயிற்று. "லைட்டும் இருக்கட்டும். மல அடிவாரம், பாம்பு வர்ற எடமாத்தான் இருக்கும்." சொல்லிவிட்டு அந்தப் பழைய புடவையை எடுத்து உதறத் தொடங்கினாள். மூடி வைக்கப் போகிறாள் என்று புரிந்தது. இந்த வரன் முடியாவிட்டாலும் போகட்டும், இவளுக்கு ஒரு துண்டு வானம் வாங்கித் தர என்னால் முடியவில்லையே என்று வருத்தமாக இருந்தது.

"எங்களுக்குக் காட்டுல ஒரு களம் கீதுங்க," என்றான் வேடியப்பன்.

ஆண்டாளின் கை நின்றது.

"மரவள்ளி, சோளம் காயப் போடறது. வூட்லேந்து கூப்பிடற தூரம்தான். அங்க மரமும் கெடையாது, லைட்டும் எட்டாது. மேக்கால மட்டும் மல கொஞ்சம் மறைக்கும். மத்த பக்கமெல்லாம் வெளிதான்."

ஆண்டாள் அப்போதுதான் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் மாப்பிள்ளையை ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சிமெண்டுக் களமா, மண்ணுக் களமா?"

மாயவன் சிரித்துவிட்டான். வேடியப்பன் சிரிக்கவில்லை. "மண்ணுதாங்க. சாணி போட்டு மொழுகறது. சிமெண்டு போட்டுடு, போட்டுடுன்னு அம்மா சொல்லிக்கினே இருக்குது. தையில போட்டுடலாம்னு..."

"போடாதீங்க," என்றாள் ஆண்டாள்.

எத்தனையோ பெண்களிடம் சம்மதம் கேட்டிருக்கிறேன். தலையைக் குனிவார்கள், அம்மா சொன்னால் சரி என்பார்கள், கதவுக்குப் பின்னால் போவார்கள். "போடாதீங்க" என்று ஒரு சம்மதத்தை நான் கேட்டதே இல்லை. ஆனால் அது சம்மதம் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ராஜாம்பாள்கூடப் புரிந்துகொண்டு மறுபடியும் அழுதாள்.

குஞ்சம்மாள் மட்டும் விடவில்லை. "மண்ணுன்னா மழ பேஞ்சா பேஞ்சா மொழுகணும். எனக்கு முட்டி ஒடிஞ்சி கெடக்குது. யாரு மொழுகறது?"

"நான்," என்று இருவரும் சேர்ந்தாற்போலச் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கார்த்திகையில் கொல்லையில் கடக்கால் தோண்டினார்கள். தையில் கல்யாணம். அதற்கு முன்னால் ஒருநாள் ஆண்டாள் அன்று எடுத்த படத்தை ஸ்டூடியோவில் எனக்குக் காட்டினாள். அடுக்கிச் சேர்த்த பிறகு அந்தப் பொட்டு இன்னும் கூர்மையாக, கோட்டுக்குப் பக்கத்தில் அழுத்தி வைத்தது போல இருந்தது. "எத்தினியோ மூஞ்சிலேந்து கரும்புள்ளிய எடுத்திருக்கேன் மாமா," என்றாள். "இந்த ஒண்ண மட்டும் தொடல."

சீர் வண்டியில் பீரோ, கட்டில், அண்டா குண்டாவுக்கு நடுவே டெலஸ்கோப்பும் போயிற்று. புடவை சுற்றவில்லை. மூடாமல்தான் எடுத்துப் போனோம். வேடியப்பன் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு களத்துக்கு நடந்தான். களத்தை அன்று காலைதான் மெழுகியிருந்தார்கள், பச்சை வாசனை வந்தது. மலைக்குப் பின்னால் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் எல்லாம் கூடி நின்று, அந்த வெள்ளைக் குழாயைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். எவ்வளவு பெருசு, எவ்வளவு வெள்ளை என்று ஆளாளுக்குப் பேசினார்கள்.

குஞ்சம்மாளுக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். விரல் நுனியில் கண்மை.

ஆண்டாள் பதறிப் போனாள். "அத்தை, கண்ணாடியில மட்டும் வச்சிடாதீங்க."

"எனக்குத் தெரியாதா?" என்றாள் குஞ்சம்மாள். குழாயைச் சுற்றி வந்து நிதானமாக ஒரு இடம் பார்த்து, வெள்ளையின்மேல் வட்டமாகப் பொட்டு வைத்தாள். குருவுக்கு வைத்திருந்த அதே பக்கம்.